படர்க்கையின் சீட்டு

டப்பாவைத் திறந்தபோது உள்ளே மூன்று சீட்டுகள் இருந்தன. ஆடுகிறவர்கள் இரண்டே பேர்.

அவள் டப்பாவைக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினாள், தட்டினால் ஒன்று குறைந்துவிடும் என்பது போல. பழைய பிஸ்கட் டப்பா அது. மூடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிளவு, மூடியைச் சுற்றி அவளே ஒட்டிய டேப், டேப்பின் மேல் அவளே போட்ட கையெழுத்து; எல்லாம் காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. கணவனின் சீட்டை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை, சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருப்பான். மருந்துக்கடை அண்ணனுடையது பொடி கட்டித் தருகிற பொட்டலம் மாதிரி நாலு பக்கமும் மடித்துச் செருகியிருக்கும். மூன்றாவது சீட்டில் மடிப்பே இல்லை. உள்ளங்கையை விட அகலமான தாள், சுருட்டின வளைவுகூட இல்லாமல் இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. அந்தப் பிளவு வழியாக எப்படிப் போயிருக்கும் என்று தாளை மூடியின் மேல் வைத்து அளந்து பார்த்தாள். போகாது.

பென்சிலில் மூன்று வரி.

வெளியிலிருந்து.
அகழிக்கு.
நிற்க.

"அண்ணன் வேலைதான் இது," என்று வாய்விட்டே சொன்னாள். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினாள். பென்சில் அழுத்தின மேடு எதுவும் தட்டுப்படவில்லை. கையை ஊன்றாமல், தாளைத் தொடாமலே எழுதியது போல இருந்தது.

வளர்ந்த மனிதர்கள் கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் கல்யாணமான புதிதில் சிரித்தவள்தான். இப்போது அந்த வீட்டில் நடுவர் அவள். கணவன் ரயில் நிலையத்தில் இரவுப் பணி பார்க்கும் சிக்னல்காரன். காலை எட்டரைக்கு வந்து, சீட்டைப் போட்டுவிட்டு ஒன்பதுக்குப் படுத்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுவான். எதிரியாக ஆடும் மருந்துக்கடை அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் வாசலில் எட்டிப் பார்த்து, கதவுக்குப் பின்னால் தொங்கும் டப்பாவில் சீட்டைப் போட்டுவிட்டு ஓடுவார். தினமும் நாலு மணிக்கு அவள் டப்பாவைத் திறந்து, யார் எங்கே போகிறார்கள் என்று படித்து, சாப்பாட்டு மேஜையில் விரித்த வரைபடத்தில் சிப்பாய்களை நகர்த்துவாள். இரண்டு படையும் முட்டிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பகடை உருட்டித் தீர்ப்பார்கள். ஒரே நாளில் முடிகிற சண்டை இல்லை. ஆறு வாரம் ஓடுகிற போர்த்தொடர், கதையோடு.

அந்தக் கதையைத் திட்டமிட அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. தொழிலால் அவள் பிழை திருத்துபவள். சட்டப் புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற வேலை. ஒரு கோட்டை, அதைப் பிடித்து வைத்திருக்கும் தளபதி கணவன், பிடிக்க வரும் தளபதி அண்ணன். கோட்டை வரைய நேரமில்லாமல் தங்கள் வாடகை வீட்டின் வரைபடத்தையே பக்கவாட்டில் திருப்பிப் பிரதி எடுத்துவிட்டாள். பின்பக்கம் துணி துவைக்கும் இடம் அகழி. சமையலறை ஆயுதக்கிடங்கு. நடைவழி சுரங்கப் பாதை. படுக்கையறை தளபதியின் அறை. ஆண்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவே இல்லை என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கணவன் தன் தளபதிப் பொம்மைக்குக் களிமண் வைத்துத் தொப்பை பிடித்திருந்தான், தன்னைப் போலவே இருக்கட்டும் என்று.

இரண்டு தரப்பு மட்டும் என்றால் ஆட்டம் சப்பென்று போய்விடும். கணவன் குழி தோண்டி உட்கார்ந்தால் எழவே மாட்டான். அதனால் யாருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது தரப்பு ஒன்றைச் சேர்த்தாள். எப்போதும் தன்னைப் பற்றியே பேசுவதால் கணவன் தரப்புக்குத் தன்மை என்று பேர் வைத்தாள். எதிரே நிற்கும் அண்ணன் முன்னிலை. மூன்றாவது, படர்க்கை. இலக்கணம் தெரிந்தவளின் நக்கல். வண்ணம் பூசாத, சாம்பல் நிற அடிப்பூச்சு மட்டும் கண்ட ஒரு பொம்மையை அதற்கு அடையாளமாக வைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் அந்தச் சாம்பல் பொம்மையை எடுத்து அகழியில் வைத்தாள். நல்ல ஆணையாக இருந்ததே காரணம். வேறு யாராக இருந்தாலும் நேராக வாயிலுக்குப் போயிருப்பார்கள். இது வந்து, நின்றது.

மழைக்காலம். நாலரைக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. துணி எடுக்கப் பின்பக்கம் போனாள். கொடியில் காலையில் இடைவெளி விட்டுப் போட்டிருந்த துணிகள் எல்லாம் ஒரு கோடியில் நெருக்கித் தள்ளப்பட்டிருந்தன. மறு கோடியில் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்குக் கொடி வெறுமையாக இருந்தது. அங்கே ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது; புதிதாகப் பூசி இன்னும் காயாத சுவரின் வாடை. காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காற்று இல்லை என்பது உள்ளே வந்து கதவைத் தாழ் போட்ட பிறகுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமையும் மூன்று சீட்டு.

அகழியிலிருந்து.
ஆயுதக்கிடங்குக்கு.
கேட்க.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நானா? ஏம்மா, எனக்கு என் சீட்டை எழுதவே கடையில நேரமில்ல. இதுல பேய்க்கும் சேர்த்து எழுதுவேனா?"

"விளையாடாதீங்கண்ணே."

"சத்தியமா இல்ல. உன் வீட்டுக்காரர்கிட்டே கேளு. தூங்குற மாதிரி நடிக்கிறதுல அவர் கில்லாடி."

கணவனைக் கேட்கலாம் என்று எழுந்தவள் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். ஃபிரிட்ஜ் இரைச்சல் நின்றிருந்தது. குழாய் சொட்டுவது நின்றிருந்தது. மழையின் சத்தம்கூட ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்குகிற மாதிரி இருந்தது. பக்கத்து அறையில் யாராவது பேசினால் கதவோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போமே, அந்த மாதிரி ஓர் அமைதி. அவள் பொம்மையை இன்னும் நகர்த்தவில்லை. சட்டென்று ஹாலுக்குத் திரும்பி, ஏதோ கடமையை முடிப்பவள் போலச் சாம்பல் பொம்மையை ஆயுதக்கிடங்கில் வைத்தாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. நடுவர் என்றால் நேர்மை வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாலை பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனிடம் இரண்டு சீட்டையும் காட்டினாள். அவன் ஷூ லேஸைக் கட்டியபடியே படித்துவிட்டுச் சிரித்தான்.

"நீயே எழுதிட்டு எனக்குக் காது குத்துறியா?"

"நான் எழுதலைங்க. நிஜமா."

"அப்போ நல்லா ஆடுறான்டி யாரோ. ஓடி வராம நின்னு நின்னு வர்றான் பாரு. ஏழாவது விதியிலதான் இடம் குடுத்திருக்கியே."

"என்ன இடம்?"

"ஆள் இல்லாத சுற்றுல இருப்பவர் ஆடலாம்னு. யாரு இருக்காங்களோ அவங்க ஆடலாம். நீ எழுதினதுதானே?" தொண்டையைச் செருமிக்கொண்டு பையை மாட்டினான். சிக்னல் அறையில் ஒலிபெருக்கியில் பேசிப் பேசி வந்த பழக்கம் அது, இரண்டு தரம் செருமாமல் ஒரு வாக்கியம் தொடங்க மாட்டான். "நடுவரே, வரேன். கதவைச் சாத்திக்கோ."

அவன் போனதும் விதித்தாளை எடுத்தாள். ஏழாவது விதி: படர்க்கையை ஆட ஆளில்லாத சுற்றில் இருப்பவர் ஆடலாம். அவள் முதலில் எழுதியது அப்படி இல்லை. மேஜையருகே இருப்பவர் என்றுதான் எழுதினாள். தட்டச்சு செய்தபோது கடைசி இரண்டு சொல் அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிட்டது. ஒரு வரிக்காக இன்னொரு தாளா என்று, பிழை திருத்துகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் செய்தாள். எந்தச் சொல் இல்லாவிட்டாலும் பொருள் கெடாது என்று தேடி, ஒன்றை எடுத்தாள். மேஜையருகே போனது. இருப்பவர் தங்கியது.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. வந்து எட்டு மாதம் ஆகிறது. சிவப்புப் பேனாவை எடுத்து, இருப்பவர் என்ற சொல்லைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். அதற்கு மேல், மேஜையருகே உட்கார்ந்து ஆடும் மனிதர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

புதன்கிழமை காலை கணவன் வரவில்லை. மாற்று ஆள் விடுப்பில் போனதால் பகல் பணியும் அவன் தலையில் விழுந்திருந்தது, அதை முடித்ததும் மறுபடி அவனுடைய இரவுப் பணி. மதியம் போனில் பேசினான்.

"உங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாங்க. ஒரு நாலு நாள்," என்றாள்.

"என்ன திடீர்னு?"

"எனக்குப் பயமா இருக்கு." இப்படிச் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை. சொன்ன பிறகு அழுகை வந்தது.

அவன் கேலி செய்யவில்லை. "சரி. நாளைக்கு லீவு. காலையில வந்து தூங்கிட்டு, சாயங்காலம் எழுந்ததும் போலாம். பையை எடுத்து வை. சரியா? அழாதே."

நாலு மணிக்கு டப்பாவைத் திறக்க அவளுக்கு மனமில்லை. ஆனால் திறக்காமல், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிட மோசமாக இருந்தது. கணவன் வராததால் அவன் சீட்டு இல்லை. அண்ணனின் பொட்டலம் ஒன்று. தட்டையான தாள் ஒன்று.

ஆயுதக்கிடங்கிலிருந்து.
சுரங்கப் பாதைக்கு.
பழக.

விதியை மாற்றியாயிற்றே. டிராயரைத் திறந்தாள். அவள் அடித்த சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. ஆனால் கோட்டுக்குக் கீழே, இருப்பவர் என்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில், பென்சிலில் ஒவ்வொரு புள்ளி. தாளின் ஓரத்தில் அழுத்தமில்லாத எழுத்தில் ஒரே சொல். அது அவளுடைய தொழிலின் குறி. அடித்தது தவறு, அடிக்கும் முன் இருந்தபடியே விடு என்று அச்சுக்கோக்கிறவருக்குச் சொல்ல அவள் எத்தனையோ ஆயிரம் தரம் அப்படிப் புள்ளி வைத்து ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

இருக்கட்டும்.

பொம்மையை நகர்த்த மாட்டேன் என்று மட்டும் முடிவு செய்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழை வலுத்தது. ஹாலின் மூலைகளில் இருட்டு சேர்ந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை சமையலறையைக் கடந்து மெல்ல நடைவழிக்கு வந்தது. பிறகு, அங்கிருந்து ஒரு சத்தம்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சரியாக வரவில்லை. தொண்டையே இல்லாத ஒன்று செருமிப் பார்த்த மாதிரி, காய்ந்த தாளைக் கசக்கின மாதிரி இருந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடியும். இந்தத் தரம் கொஞ்சம் ஈரம் கூடியிருந்தது. மறுபடியும். இரண்டு தரம், அவன் செருமுகிற இடைவெளியில். நடைவழியின் தரையில் ஒரு செருப்பின் உரசல், நிறுத்தம், உரசல். இடது காலை லேசாக இழுத்து நடப்பது கணவன் வழக்கம். அதற்கு முதலில் வலது கால் வந்தது. பிறகு திருத்திக்கொண்டது.

அவள் வெளியே ஓடினாள். மருந்துக்கடையில் போய், கடை சாத்தும் வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அண்ணனின் மனைவி தன் வீட்டிலேயே படுக்க வைத்தாள்.

வியாழன் காலை கணவன் வந்தபோதுதான் அவளும் வீட்டுக்குள் போனாள். ஒன்றரை நாள் தொடர்ந்து வேலை பார்த்த முகம். நின்றபடியே சரிந்துவிடுவான் போல இருந்தான்.

"இப்பவே கிளம்பலாங்க. அங்க போய்த் தூங்குங்க."

"ஆறு மணி நேரப் பயணம்டி. வழியிலேயே விழுந்துடுவேன்." அவள் தலையில் கை வைத்தான். "நாலு மணிக்கு எழுப்பு. எழுந்ததும் கிளம்புவோம். நான் இருக்கேன்ல."

அவன் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. கண் திறக்க முடியாத மனிதனைத் தெருவுக்கு இழுத்துப் போக அவளுக்கு மனம் வரவில்லை. பைகளை எடுத்து வாசலில் வைத்தாள். நடைவழியின் முனையில் நாற்காலியைப் போட்டு, படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் அவன் குறட்டை. அது கேட்கும் வரை பரவாயில்லை. பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. வீட்டில் வேறு சத்தமே இல்லை. வாடைகூட இல்லை. மூன்று மணி போல லேசாக நம்பிக்கை வந்தது.

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, இன்னும் ஐந்தே நிமிடம்தான் என்ற தைரியத்தில் எழுந்து போய் டப்பாவைக் கழற்றினாள். தெருவில் வீசிவிட்டுப் போகலாம் என்றுதான். டப்பா குலுங்கியது. உள்ளே என்ன என்று பார்க்காமல் வீச அவளால் முடியவில்லை.

அண்ணன் அன்று ஆடவில்லை. ரப்பர் பேண்டு போட்ட சுருள் ஒன்று. காலையில் படுக்கப் போகும் முன், அந்தத் தூக்கத்திலும், பழக்க தோஷத்தில் போட்டிருக்கிறான். எழுத்து கோணல் மாணலாக இருந்தது.

தளபதி அறையிலிருந்து.
எங்கேயும் போகலை.
தூங்குறேன், நாலு வரைக்கும் எழுப்பாதே நடுவரே.

கூடவே ஒரு தட்டையான தாள்.

சுரங்கப் பாதையிலிருந்து.
தளபதி அறைக்கு.
இருக்க.

மேஜையைப் பார்த்தாள். சாம்பல் பொம்மை ஆயுதக்கிடங்கில் இல்லை. சுரங்கப் பாதையிலும் இல்லை. தளபதி அறையில், தொப்பைத் தளபதியை ஒட்டி நின்றிருந்தது. ஒன்பதாவது விதி அவளுக்கு மனப்பாடம். அவளே எழுதியதாயிற்றே. ஒரு தளபதியைச் சிறைபிடித்தவர், விடுவிக்கும் வரை அவர் இடத்தில் இருந்து ஆடலாம்.

நடைவழியில் ஓடினாள். குறட்டை இல்லை.

கதவு அவள் கை படும் முன்பே திறந்தது.

கணவன் நின்றிருந்தான். கலைந்த தலை. கன்னத்தில் தலையணைச் சுருக்கம். அவளுக்கு உயிர் வந்தது. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தான்.

"எழுந்துட்டீங்களா? வாங்க, போயிடலாம். பை எல்லாம் ரெடி."

அவன் இரண்டு தரம் தொண்டையைச் செருமினான். அவளைத் தாண்டி, இடது காலை லேசாக இழுத்தபடி ஹாலுக்குப் போனான். மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பென்சிலை எடுத்தான்.

"உட்காருங்க," என்றான். "இன்னும் சுற்று முடியலையே."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவளை ஒரு நாளும் அவன் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

அவள் உட்காரவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. படுக்கையறைக்குள் வந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. பழகிய வியர்வை வாடை. அவன் வாடை.

கட்டிலில் யாரும் இல்லை.

ஆனால் மெத்தையில் குழி இருந்தது. தலையணையில் தலை அளவுக்கு. போர்வையில் தோள், இடுப்பு, மடக்கின முழங்கால். ஆள் எழுந்து போனால் மெத்தை மெல்ல எழும்பும். இது எழும்பவில்லை. உற்றுப் பார்த்தாள். போர்வை ஏறியது. இறங்கியது. ஏறியது. ஒன்றரை நாள் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவனின் ஆழ்ந்த, சீரான மூச்சு.

"ஏங்க," என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னாள். "ஏங்க. நான்தான்."

மூச்சு ஒரு கணம் நின்றது. அவள் வந்தால் தூக்கத்திலேயே தெரியும் அவனுக்கு. கண்ணைத் திறக்கவே மாட்டான். ஹாலில் பென்சில், தாளைத் தொடாமல் எழுதிக்கொண்டிருந்தது.

குழி மெல்லப் புரண்டது. சுவரோரமாக ஒதுங்கி, அவள் படுக்க இடம் விட்டது.